கூடலூர் மலையடிவாரத்தில் ஒரு பொங்கல்

வரும் தைத் திங்களில் தேனிப் பக்கம் போய்வருவது என்று நாம் முடிவு செய்துள்ளோம். மதுரையில் ஒரு மாலை வேளையில் நண்பர் சிலருடன் கூடியமர்ந்து பேசியபோது பிறந்த எண்ணம் இது. ஓர் ஊரின் உள்ளத்தை அறிய வேண்டுமானால் அதனைத் திருவிழா நாளில் பார்க்க வேண்டும் என்பது நம் நெடுநாளைய கருத்து. மற்ற நாள்களில் ஊர் தன் வேலையைப் பார்க்கிறது. விழா நாளிலோ, தான் யாரை மறக்கவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்கிறது.

தேனி மாவட்டத்தில் விழாக்களுக்குக் குறைவில்லை. சித்திரைத் திங்களில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முல்லையாற்றங்கரையில் மக்கள் வெள்ளமெனத் திரள்வர். சித்திரை முழுநிலவு நாளில், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும், மங்கலதேவி மலையிலுள்ள கண்ணகி கோயிலுக்கு மக்கள் ஏறிச் செல்வர். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற பழைய பங்குகளின் ஆண்டுத் திருவிழாக்களுக்கு வெளியூர்களில் வாழும் உறவினர்கள் வந்து சேர்வர். இவற்றையெல்லாம் விடுத்து, நாம் தேர்ந்துகொண்ட நாள் சனவரி 15. அன்று கம்பம் பள்ளத்தாக்கின் மக்கள் ஓர் ஆங்கிலேயப் பொறியாளரின் பிறந்த நாளுக்குப் பொங்கலிடுகிறார்கள். அவர் பெயர் கர்னல் ஜான் பென்னிகுவிக். பெரியாற்றின் குறுக்கே அணை கட்டி, மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பியவர்.

நாட்டை ஆண்ட அயலாருக்கு நாமே சிலை வைத்ததும் உண்டு; வைத்த சிலையை அகற்றியதும் உண்டு. ஆனால் உழவர்கள் தாமாகவே கூடி, புதுப்பானை வைத்து, பால் பொங்கும்போது குலவையிட்டு வாழ்த்தும் ஆங்கிலேய அதிகாரி வேறு எவரேனும் தமிழகத்தில் உண்டோ? இது என்ன வகையான நன்றி? எதற்கான நன்றி? இவ்வினாக்களோடுதான் நம் பயண ஏற்பாடு தொடங்கியது.

பயணத் திட்டம் எளிதாகவே அமைந்தது. மதுரையிலிருந்து தேனி ஏறத்தாழ 75 கிலோமீட்டர். 1928ஆம் ஆண்டு தொடங்கிய மதுரை - போடி இருப்புப்பாதை, அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டு, நெடுங்காலம் காத்திருக்கச் செய்தது. 2022 மே திங்களில் தேனி வரையிலும், 2023 சூன் திங்களில் போடி வரையிலும் தொடர்வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது. தேனியில் இறங்கிய பின் பேருந்துதான் துணை. அங்குள்ள பேருந்து நிலையமே பென்னிகுவிக்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எனத் தெற்கு நோக்கிச் சென்றால், மலையடிவாரத்தில் லோயர் கேம்ப். அணை கட்டிய காலத்துப் பாடிவீட்டின் பெயர் இன்றும் ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். தை முதல் நாள் சில ஆண்டுகளில் சனவரி 14ஆம் நாளிலும் சில ஆண்டுகளில் 15ஆம் நாளிலும் வரும். ஆகவே பென்னிகுவிக் பொங்கல் சில ஆண்டுகளில் பெரும்பொங்கலோடு இணைந்துவிடும். சில ஆண்டுகளில் மாட்டுப்பொங்கலோடு சேர்ந்துகொள்ளும். எப்படியாயினும் பேருந்துகளில் நெரிசல் மிகுதி. முதல் நாளே சென்று தங்கிவிடுவது நல்லது.

இவ்வளவும் பேசி முடித்த வேளையில், நம்மோடு வரவிருக்கும் இளைஞர்களுக்காக ஒரு துண்டறிக்கை அச்சிடலாம் என்றார் நண்பர் ஒருவர். மறு வாரமே எழுதியும் கொண்டுவந்தார். அதன் முதல் வரியே இவ்வாறு அமைந்திருந்தது: அரசாங்கம் பணம் தர மறுத்தபோது, பென்னிகுவிக் இங்கிலாந்திலிருந்த தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார். கூட்டத்தில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரும் இருந்தார். அவர் அந்த வரியின் கீழ் மெல்ல ஒரு கோடிட்டு, "ஐயா, இதற்குச் சான்று என்ன?" என்று கேட்டார். அன்றைய கூட்டம் நெடுநேரம் நீண்டது. அன்று பேசியவற்றின் சாரத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். கம்பம் பள்ளத்தாக்கு இருபுறமும் மலை சூழ்ந்த நிலம். மேற்கே உயர்ந்து நிற்கும் தொடர் தென்மேற்குப் பருவமழையைத் தானே வாங்கிக்கொள்கிறது. மலைக்கு அப்பால் மழை கொட்டும். இப்பால் காற்று மட்டும் வீசும். அப்பால் பெய்த மழையைச் சுமந்துகொண்டு பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கிறது. இப்பால் வைகையோ ஆண்டின் பல திங்கள்கள் வெறும் மணலாகக் கிடக்கும். ஒரு மலை முகட்டின் இருபுறமும் இத்தனை வேறுபாடு! அம்முகட்டைக் குடைந்து அந்நீரை இப்பக்கம் கொண்டுவரலாகாதா என்ற ஏக்கம் தென்பாண்டி நாட்டாருக்கு நெடுங்காலமாகவே இருந்தது.

அந்த ஏக்கம் முதலில் ஆங்கிலேயருக்குத் தோன்றியதன்று. 1789ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை, அறிவுடைய ஆள்களை மலைக்கு அனுப்பி, ஆற்றைத் திருப்பும் வழியை ஆராயச் செய்தார். செய்யக்கூடியதே எனத் தெரிந்தது. ஆனால் அதற்கான பொருள் அரசிடம் இல்லை. 1808இல் கால்டுவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி மலையைப் பார்வையிட்டு, இது வெறும் கனவு, மேற்கொண்டு எண்ணிப் பார்க்கவும் தகாதது என்று அறிக்கை எழுதினார். 1850இல் சிறிய அணை ஒன்றைக் கட்டும் முயற்சி தொடங்கிற்று. மலைக்காய்ச்சல் தாக்கியது, கூலியாள்கள் கூடுதல் கூலி கேட்டனர், பணி கைவிடப்பட்டது. 1860களில் ரைவ்ஸ் என்ற பொறியாளர் மண் அணை ஒன்றுக்குத் திட்டம் வகுத்தார். அதுவும் காகிதத்தோடு நின்றது.

பின்னர் வந்தது 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சம். தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டனாரின் பாட்டனார் காலத்தவர் அஞ்சிச் சொன்ன பஞ்சம் அதுவே. சென்னை மாகாணத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். மலைக்கு அப்பால் நீர் வீணே கடலுக்குப் போக, மலைக்கு இப்பால் மனிதர் தண்ணீரும் சோறுமின்றிச் செத்த காட்சி, கிடப்பில் கிடந்த திட்டத்தை மீண்டும் மேசைக்குக் கொண்டுவந்தது. 1882இல் அத்திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பணி பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் 1841 சனவரி 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தவர். 1849இல் சீக்கியரோடு நடந்த சில்லியன்வாலாப் போரில் அவருடைய தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டனர். அப்போது பென்னிகுவிக்குக்கு எட்டு வயது நிறைந்திருக்கவில்லை. வளர்ந்தபின் அவர் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தார். இந்நாட்டின் நீர்ப்பணிகளிலேயே தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தார்.

அணை அமைய வேண்டிய இடம் திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூருக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு 5 ரூபாய் ஆண்டுக் குத்தகை, காலம் 999 ஆண்டுகள். அடுத்த ஆண்டே பணி தொடங்கியது.

அடர்ந்த காடு, யானைகள் நடமாடும் வழி, ஆண்டில் பல திங்கள்கள் இடைவிடாத மழை, அதற்குப் பின் காய்ச்சல். ஓடும் ஆற்றை ஒதுக்கிவிட்டு அடித்தளம் இட வேண்டும். அதற்காக எழுப்பிய தற்காலிகக் கரைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் வாரிச் சென்றது. பிடித்து நின்றது மனித உறுதி ஒன்றே. கருங்கல்லும், சுண்ணாம்பும், செங்கற்பொடியான சுர்க்கியும் சேர்ந்த கலவையால், 1,200 அடி நீளத்தில், அடித்தளத்திலிருந்து 176 அடி உயரத்தில் அணை எழுந்தது. மலை முகட்டைக் குடைந்து ஏறத்தாழ 5,700 அடி நீளச் சுரங்கம் அமைக்கப்பட்டது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு தேக்கடியில் நீரைத் திறந்துவைத்தார். மேற்கே போக வேண்டிய நீர் கிழக்கே இறங்கி, சுருளியாற்றோடு கூடி, வைகையை அடைந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளையும் நிலமாயிற்று. பேரணையிலிருந்து மேலூர் வரை கால்வாய் நீண்டது. மதுரை மாவட்டத்தின் கண்மாய்கள் கண் திறந்தன.

இவ்வளவும் சான்றுள்ள செய்திகள். இனி அந்தத் துண்டறிக்கையின் முதல் வரிக்கு வருவோம்.

பென்னிகுவிக் சொத்தை விற்றார் என்பது கம்பம் பள்ளத்தாக்கில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. மேடைகளில் பேசப்பட்டது, புத்தகங்களிலும் ஏறிவிட்டது. ஆனால் அணை கட்டப்பட்டது அரசாங்கப் பணத்தில்தான். அவர் தம் உடைமையை விற்றுக் கட்டினார் என்பதற்கு நம்பத்தக்க ஆவணம் எதுவும் இதுவரை முன்வைக்கப்படவில்லை. அணைப் பணியில் தாமே பங்கேற்ற பொறியாளர் மெக்கன்சி, 1899இல் அதன் வரலாற்றை ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். கணக்கும் கடிதமும் எழுதிக் குவித்த அந்த ஆட்சியில், இத்தகைய ஈகம் நிகழ்ந்திருந்தால் அதன் சுவடு எங்கேனும் தென்பட்டிருக்க வேண்டும்.

நன்றி மிகும்போது கதையும் வளர்வது இயல்பு. 2021ஆம் ஆண்டில் மதுரை நத்தம் சாலையில் ஒரு நூலகத்துக்கு இடம் தேர்ந்தபோது, அங்கிருந்த பழைய பொதுப்பணித்துறைக் கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த இல்லம் என்று எதிர்ப்பு எழுந்தது. அக்கட்டடத்தின் பணி தொடங்கியது 1912இல் என்று ஆவணங்களைக் காட்டி அரசு விளக்கம் அளித்தது. பென்னிகுவிக் இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் இறந்ததோ 1911 மார்ச் 9ஆம் நாள். அன்பு எந்த வீட்டிலும் அவரைக் குடியேற்றிவிடுகிறது. ஆண்டுக் கணக்குதான் அவரை வெளியே அழைத்துவர வேண்டியிருக்கிறது.

"அப்படியானால் அந்த மக்களிடம் போய், நீங்கள் நம்புவது பொய் என்று சொல்லப் போகிறோமா?" என்று துண்டறிக்கை எழுதிய நண்பர் வருத்தத்தோடு கேட்டார். நியாயமான கேள்வி. பொங்கல் வைக்கும் ஒரு தாயிடம் ஆவணம் கேட்பது நாகரிகமன்று. ஆயினும், இளைஞர்கள் கையில் நாமே அச்சிட்டுக் கொடுக்கும் தாளில், உண்மையென்று நமக்குத் தெரியாததை எழுதலாமா? நன்றி என்ற உயர்ந்த பண்பு பொய்யின் மீதுதான் நிற்க வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதே நம் துணிபு. கதையை நீக்கிவிட்டுப் பார்த்தால் அம்மனிதர் சிறுத்துவிடவில்லை. முடியாது என்று ஒரு நூற்றாண்டுக் காலம் பலர் கைவிட்ட பணியை, கூலி வாங்கும் ஓர் அலுவலர் தம் கடமையாக ஏற்று, வெள்ளம் வாரிச் சென்ற ஒவ்வொரு முறையும் மீண்டும் தொடங்கி, முடித்துக் கொடுத்தார். சொத்தை விற்பது ஒரு நாள் ஈகம். எட்டு ஆண்டுகள் மழையிலும் காய்ச்சலிலும் ஒரே பணியில் நிலைத்து நிற்பது அதனினும் அரிது. சம்பளத்துக்குச் செய்யும் வேலையையும் இவ்வளவு நேர்மையாகச் செய்யலாம் என்பது, அரசு அலுவலகங்களை நாடி அலையும் நம் மக்களுக்கு அந்தக் கதையைக் காட்டிலும் தேவையான செய்தியன்றோ?

ஆனால் கதையை நீக்கியவுடன் மற்றொன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒருவர் தம் நகையை விற்று அணை கட்டினார் என்று சொல்லிவிட்டால், அங்கே மற்றவர் எவருக்கும் இடமில்லாமல் போகிறது. உண்மையில் அந்த மலையில் எத்தனை கைகள்! சென்னைப் பயனியர் படையின் வீரர்கள் இருந்தனர். ஆற்றின் நடுவே தற்காலிகக் கரைகளை அமைக்கக் கொச்சியிலிருந்து போர்த்துகீசிய மரபுத் தச்சர்கள் வந்தனர். சுண்ணாம்பு சுட்டவர், கல் உடைத்தவர், வண்டி ஓட்டியவர், மண் சுமந்தவர் என ஆயிரக்கணக்கானோர் உழைத்தனர். பணிக்காலத்தில் நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகக் கணக்கு உண்டு. அவர்களுக்கான கல்லறை நிலம் அணைக்கு அருகிலேயே இருக்கிறது. அந்த 483 பேரில் எவர் பெயரையேனும் நாம் அறிவோமா? அவர்களில் பஞ்சத்தில் பிழைத்த குடும்பத்தவர் எத்தனை பேரோ! தாம் கொண்டுவந்த நீரில் ஒரு கைப்பிடியும் அள்ளிக் குடிக்காமல் அவர்கள் போய்விட்டனர். நவம்பர்த் திங்களில் கல்லறைகளைத் துப்புரவு செய்து, பெயர் அறியாத குழிகளின் மேலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கும் வழக்கமுடைய நமக்கு இது புரியாத செய்தியன்று.

ஆகவே நம் பயணத் திட்டம் சற்றே மாறியது. சனவரி 15 காலையில் தேனியிலிருந்து புறப்பட்டு முதலில் பாலார்பட்டிக்குப் போவோம். பல ஆண்டுகளாகப் பென்னிகுவிக் பொங்கலை ஊர்ப் பொங்கலாகக் கொண்டாடிவரும் சிற்றூர் அது. இப்பகுதியில் சில வீடுகளின் சுவரில் சாமி படங்களோடு மீசை வைத்த அந்த ஆங்கிலேயரின் படமும் தொங்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவர்களும் உண்டு. அங்கே நாம் ஆய்வாளராகப் போகாமல் விருந்தினராகப் போவோம். கொடுத்த பொங்கலை உண்டு, அவர்கள் சொல்லும் கதையைக் கேட்போம்.

பின்னர் லோயர் கேம்ப். 2013 சனவரி 15ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா திறந்துவைத்த மணிமண்டபம் அங்கே உள்ளது. பிறந்த நாளன்று அமைச்சரும் அலுவலரும் உழவர் சங்கத்தாரும் வந்து மாலை அணிவிப்பர். மண்டபத்தில் நெரிசல் குறையும் பிற்பகலில் சென்றால் அமைதியாக நிற்கலாம். அருகே மலையைப் பார்த்தால், பெரிய இரும்புக் குழாய்கள் சரிவில் இறங்குவது தெரியும். சுரங்கம் கடந்துவந்த நீர் அவற்றின் வழியே பாய்ந்து மின்சாரம் தந்துவிட்டு, வயலுக்குப் போகிறது. அந்த நீரில் இறங்கிக் கை கால் நனைப்பதைவிடப் பெரிய அருங்காட்சியகம் வேறு வேண்டியதில்லை.

அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால் குமுளி, தேக்கடி. ஏரியில் படகில் செல்லலாம். நீரின் மேலே கருத்த மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். 1895இல் மூழ்கிய காட்டின் எச்சங்கள் அவை. அணை எழும்போது எதுவும் இழக்கப்படவில்லை என்று எவரும் சொல்லிவிடாதபடி அவை இன்னும் நிற்கின்றன. ஆனால் அணையை நாம் பார்க்க இயலாது. அது கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பொதுமக்களுக்கு அங்கே அனுமதியில்லை. அந்தக் கல்லறை நிலத்துக்கும் நாம் போக முடியாது. நன்றி சொல்லப் போகிறவர்கள், நன்றிக்குரியவர்களின் குழியருகே நிற்க முடியாமல் திரும்ப வேண்டியிருக்கிறது.

இதற்கான காரணத்தையும் நம் இளைஞர்கள் அறிய வேண்டும். அணையின் கீழே, மறுபக்கத்தில், பெரியாற்றங்கரையில் மலையாள மக்கள் வாழ்கிறார்கள். பழைய அணை உடைந்துவிடுமோ என்பது அவர்களின் அச்சம். நீர் குறைந்தால் நிலம் தரிசாகும் என்பது நம் உழவர்களின் அச்சம். 1979இல் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. நெடிய வழக்குக்குப் பின் 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் எல்லையில் எழுந்த கொந்தளிப்பில் இருபுறத்து எளிய மக்களும் துன்புற்றனர். நம் பக்கத்து உரிமையில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அயலான் ஒருவருக்குப் பொங்கலிடும் அளவுக்கு அகன்ற உள்ளம், மலைக்கு அப்பாலுள்ள அண்டை வீட்டாரின் அச்சத்தையும் காது கொடுத்துக் கேட்கும் அளவுக்கு அகல வேண்டாமா?

திரும்பும் வழியில் கம்பத்தில் இறங்கிப் பன்னீர்த் திராட்சை வாங்குவதாகவும் திட்டம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சையை 1832இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். அவரும் அயலார்தாம். அவருக்கு மண்டபம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பந்தலிலும் அவர் நினைவு காய்த்துத் தொங்குகிறது.

துண்டறிக்கை இப்போது திருத்தி எழுதப்பட்டுவிட்டது. சொத்து விற்ற வரி அதில் இல்லை. முத்திருளப்ப பிள்ளையின் பெயர் இருக்கிறது. பென்னிகுவிக்கின் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. 483 என்ற எண் தனி வரியில் இருக்கிறது. முதலில் எழுதிய நண்பரே கடைசி வரியையும் சேர்த்தார்: பயணத்துக்கு வருகிறவர்கள் தத்தம் வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி அரிசி கொண்டுவர வேண்டும். பாலார்பட்டியில் அதனை ஊர்ப் பானையில் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்வோம். அது பெயர் தெரியாதவர்களுக்காக.

அவ்வூர்ப் பெண்கள் மறுக்கமாட்டார்கள் என்றே நம்புகிறோம். நன்றியறிந்தவர்களின் பானையில் இன்னும் ஒரு கைப்பிடிக்கு எப்போதும் இடமுண்டு.